கடுதாசி எழுதி அனுப்பிய நாட்கள்

தங்கச்சிமாரே,

பயிற்சி முடிந்து, புதுப் பையும் கையுமாக ஊர்களுக்குப் போகப்போகிறீர்கள். உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கத்தரிக்கோலை எவ்வளவு நேரம் அவிப்பது, கொப்பூழ்க்கொடியை எங்கே கட்டுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. பிரசவ வீட்டு வாசற்படலையைத் திறக்கக் கை வைக்கும்போது உங்கள் தலைக்குள் யாரோ பேசத் தொடங்குவார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒன்றும் கேட்பதில்லை என்று சொல்லும் கெட்டிக்காரி யாராவது இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்க மருத்துவிச்சியாக என்னைப் படுவான்கரைக்கு அனுப்பினார்கள். வாவிக்கு மேற்கே, வயலும் குளமுமாகக் கிடக்கும் பக்கம் அது. நான் மட்டக்களப்புப் பட்டணத்துப் பெண். தாயும் தகப்பனும் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. எனக்குத் தந்த வீடு ஊர் முடிந்து வயல்வட்டை தொடங்கும் இடத்தில் இருந்தது. முன்கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல்தான், ஒரு மனிதத் தலை தெரியாது.

ஊரார் என்னை மிசி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். மரியாதை இருந்தது, பழக்கம் இல்லை. பிள்ளை பிறக்க ஆளனுப்புவார்கள். முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். தீட்டு வீடுகளுக்குப் போய்வருகிறவளை நல்ல காரியத்துக்கு அழைக்க அவர்களுக்குக் கூச்சம். குறை சொல்லவில்லை, அப்போது அப்படித்தான். ஆனால் வாரக்கணக்கில் ‘முக்கு’, ‘மூச்சை விடு’ என்ற இரண்டு பேச்சைத் தவிர வேறொன்றும் என் வாயிலிருந்து வராமல் நாட்கள் போயின. தனிமை என்னைத் தின்றது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். வெட்கப்பட எனக்கு இனி வயதில்லை.

இரண்டாம் வருடம் ஒரு பெண் என் கையில் இறந்தாள். பிள்ளை நல்லபடி பிறந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். விசாரிக்க வந்த டாக்டரும் என்னில் பிழை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதிய தாள் அரசாங்கக் கந்தோரில் இருந்தது. என் தலைக்குள் இருந்தது வேறு. அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது, படலையில் கை வைத்ததும், “இதுவும் உன் கையில் போகும்” என்று கேட்டது. யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

இங்கேதான் என் மடத்தனம் தொடங்கியது. அது ஒரு பயம், மனதில் எழும்பின ஒரு நினைப்பு, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குள்ளேயிருந்து வந்ததால் அது எனக்குத் தெரிந்த உண்மை என்று எடுத்துக்கொண்டேன். போகப்போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? நான் கடுதாசி எழுதினேன். ‘பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புருஷன் கையில் கொடுத்தேன். கால் கொஞ்சம் வீங்கினால் கடுதாசி. வலி ஒரு நேரம் மெதுவானால் கடுதாசி. முகம் வெளிறி இருக்கிறதே என்றும் ஒன்று எழுதினேன். அந்தப் பெண் பிறந்ததிலிருந்தே வெளிறின முகக்காரி.

வண்டி புளியமரத்தைத் தாண்டி மறைந்ததும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். அந்த ஒரு மணி நேரக் குளிர்ச்சிக்கு நான் அடிமையாகிப்போனேன். கள்ளுக்கு அடிமையானவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாள் பயம் இன்னும் கொஞ்சம் கொழுத்துப்போய் வரும். ஊரிலோ, மிசி வலு கவனமான ஆள் என்று எனக்கு நல்ல பேர். பயந்து ஓடுகிறவளுக்கு அப்படி ஒரு பேர் கிடைத்தால் அவளைத் திருத்த யாராலும் முடியாது. இதை மட்டும் நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. அந்த மாரிமழைக் காலத்தில் வள்ளிப்பிள்ளை என்ற பெண்ணுக்கு மூன்றாம் பிரசவம். முதல் இரண்டும் சுகப்பிரசவம். புருஷன் சாமித்தம்பி வயல் செய்கிறவன், அதிகம் பேசமாட்டான். காலையில் போய்ப் பார்த்தேன். பிள்ளை நேராக இருந்தது, தலை இறங்கியிருந்தது, எல்லாம் ஒழுங்கு. என் கைக்கு அது தெரிந்தது. ஆனால் அந்தக் குரல் விடவில்லை. கடுதாசி எழுதினேன்.

படுவான்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மாட்டுவண்டியில் மண்முனைத் துறைக்கு வந்து, தோணியில் வாவியைக் கடந்து, ஆரையம்பதிக் கரையில் ஏறிப் பிறகு தெருவழியே பட்டணம் போக வேண்டும். நல்ல காலநிலையிலேயே அரை நாள் வேலை. நான் கூடப் போகவில்லை. என் பகுதியை விட்டுப் போகக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

மறுநாள் காலை தோணிக்கார ஆதம்பாவாக் காக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காத்தான்குடி ஆள், எல்லோருக்கும் அண்ணன் முறையில் காக்கா, துறையில் பல வருடமாகத் தோணி விடுகிறவர். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“மிசி, உங்கட ஆள் துறையிலயே பெத்திட்டா. காத்துக்குத் தோணி இறக்க ஏலாமப் போயிட்டு. மீன் விக்க வந்த பொம்புளையள் ரெண்டு பேர்தான் பார்த்தவங்க. நானும் சாமித்தம்பியும் தோணிப் பாயைக் கழட்டி மறைச்சுப் புடிச்ச. காத்து அடிக்கக்குள்ள பாய் நிக்குதா? பயணம் போற சனம் அவ்வளவும் அங்கதான் நிண்டிச்சு.”

தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லிவிட்டுப் போனார். சுகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அன்று மத்தியானம் வள்ளிப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

“நாலு ஆம்புளையள் பார்க்கப் பெத்திட்டு வந்து கிடக்கன்” என்றாள் சுவரைப் பார்த்து. மறுபடியும் சுவருக்கே சொன்னாள், “உங்கட கடுதாசி என்ர கையிலதான் இருந்திச்சு மிசி. கசங்கக் கசங்கப் புடிச்சிட்டுக் கிடந்தன். நீங்க இருக்கல்ல.”

எனக்கு அழக்கூட முடியவில்லை. வீட்டுக்கு வந்து வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு அந்த வாரமே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்களைப் பயிற்றுவித்த பெரிய மிசி அங்கேதான் இருந்தார். உயரமான, சிடுசிடுப்பான மனுஷி. சிரித்து நான் பார்த்ததில்லை. துணி அலமாரிக்கு முன்னால் நின்று விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்தார். மற்றப் பக்கத்து முனையை என் கையில் தந்து, மடிக்கப் பிடிக்கச் சொன்னார்.

“பயமாக்கிடக்கு எண்டு எழுதியிருக்காய். ஆருக்குப் பயமில்லை? எனக்கு இருபது வருஷமா ஒவ்வொரு தரமும் வருகுது. இண்டைக்குக் காலமையும் வந்த.”

எனக்கு நம்ப முடியவில்லை. அந்த மனுஷிக்கா?

“அப்ப எப்பிடிப் போக்காட்டினீங்க?”

“போக்காட்டினன் எண்டு ஆரு சொன்ன? அது அதுட பாட்டில கிடக்கும். நான் என்ர பாட்டில வேலையச் செய்வன். பயத்தை விட்டுத்தள்ளு பிள்ளை. அந்தப் பொம்புளையளுக்கு எப்பிடிப்பட்ட ஒரு மருத்துவிச்சி வேணும் எண்டு நீ ஆசைப்படுறாய்? அதைச் சொல்லு. வாயால வேணா. இந்தக் கடிதத்துட பின்பக்கத்தில எழுதித் தந்திட்டுப் போ. மறுகா வேலைய விடுறதெண்டா விடு.”

விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். திறமான மருத்துவிச்சி என்று எழுதி வெட்டினேன். ஒருவரையும் சாக விடாதவள் என்று எழுதினேன். அது என் கையில் இல்லை என்று தெரிந்தது, அதையும் வெட்டினேன். கடைசியில் வள்ளிப்பிள்ளை சுவரைப் பார்த்துச் சொன்னதுதான் மிச்சமாக நின்றது. ‘வலி தொடங்கினால் முடியும் வரைக்கும் பக்கத்தில் இருக்கிறவள்’ என்று எழுதிக் கொடுத்தேன். பெரிய மிசி அதை வாசித்துவிட்டு, “இதுக்குப் பயம் போக வேண்டிய அவசியமில்லையே” என்றார். அவ்வளவுதான். இன்னொரு விரிப்பின் முனையை நீட்டினார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பயம் விட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். கதைகளில்தான் அப்படி நடக்கும். ஊருக்குத் திரும்பி வந்த முதல் பிரசவத்திலேயே குரலும் வந்தது. அதைத் துரத்தப் பாட்டுப் படித்தேன், செபம் சொன்னேன், கூரை ஓடுகளை எண்ணினேன். துரத்தத் துரத்தச் சத்தம் கூடியது.

அதற்கு மருந்து கிடைத்தது ஒரு விசித்திரமான இடத்தில். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அதிகாரியான உடையார் ஒருநாள் ஊர் பார்க்க வந்தவர், என் வீட்டில் இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்துகொண்டார். மழை பிழைக்கும், வயல் அழியும், சனம் கெட்டுப்போச்சு, காய்ச்சல் வரும் என்று ஒரு மணித்தியாலம் பேசினார். அவரை எழும்பச் சொல்ல என்னால் முடியுமா? உத்தியோகம் பறந்துவிடும். அவர் சொன்னதற்கெல்லாம் ஓம் போடவும் எனக்கு விருப்பமில்லை. அன்று பையைத் துப்புரவாக்க வேண்டிய நாள். அவர் பேசப் பேச நான் கத்தரிக்கோலை அவித்தேன், துணிகளை மடித்தேன், போத்தல்களைத் துடைத்து அடுக்கினேன். அவர் போகும்போது என் வேலையும் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து என் தலைக்குள் இருந்த ஆளுக்கும் உடையார் என்று பேர் வைத்தேன். “இதுவும் உன் கையில் போகும்” என்று தொடங்கினால், வாருங்கள் உடையார், இருங்கள், எனக்கு வேலை கிடக்கிறது என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கை கழுவப் போவேன். நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே செய்தேன். உடையாரின் பேச்சில் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். அவர் எந்த வீட்டிலும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார். என் கை சொன்னது ஒவ்வொரு வயிற்றுக்கும் வேறாக இருந்தது. எனவே கை சொல்வதைக் கேட்டேன். கடுதாசிகள் குறைந்தன. ஊரில் என் கவனமான பேரும் கொஞ்சம் குறைந்தது, போகட்டும்.

மூன்று வருடம் போனது. இன்னொரு மாரி. காலை ஏழு மணி இருக்கும், சாமித்தம்பி நனைந்தபடி வந்தான்.

“அவ உங்கள வேணாமெண்டுதான் சொன்னவ மிசி. எனக்கு மனம் கேக்கல்ல.”

போனேன். வள்ளிப்பிள்ளை என்னைக் கண்டதும், “கடுதாசி எழுதவா வந்தீங்க?” என்றாள். நான் அவள் வயிற்றில் கை வைத்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரித் தட்டுப்பட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. குறுக்கே கிடக்கும் பிள்ளையை வீட்டில் வைத்துப் பெறுவிக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர் வேண்டும்.

அந்த நேரத்தில் உடையார் இரண்டு வாயால் பேசினார். வைத்திருந்தால் உன் கையில் போகும் என்றார் ஒரு வாயால். அனுப்பினால் அந்தத் துறையிலேயே போகும் என்றார் மற்ற வாயால். இரண்டும் நடக்கக்கூடியதுதான். பயத்தைக் கேட்டு முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள், அது இரண்டு பக்கமும் வழியை அடைத்துவிட்டு நடுவில் நிற்க வைத்துவிடும். என் கை ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மிச்சத்துக்கு நான் விறாந்தையில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரிதான் இருந்தது.

“பட்டணம் போகத்தான் வேணும் வள்ளிப்பிள்ளை. பிள்ளை குறுக்கால கிடக்கு.”

“தெரியும். எழுதித் தாங்க.”

“கடுதாசி இல்லை. நானும் வாறன்.”

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். நம்பினாளோ என்னவோ, கையை நீட்டினாள். தூக்கி வண்டியில் ஏற்றினோம். கந்தோருக்கு ஒரு வரி எழுதி அனுப்பவும் நேரம் இல்லை. பகுதியை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டுப் பிறகு மூன்று கடிதம் வந்தது, மூன்றுக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினேன்.

துறையில் வாடைக்காற்று. வாவி கறுத்துப்போய் அலை அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. ஆதம்பாவாக் காக்கா தண்ணீரையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இப்ப இறக்கினா தண்ணிக்கு நடுவில கவிழும் மிசி. அந்தா வடக்கால வெளிக்குது. அரை மணித்தியாலம் பொறுத்தா காத்து ஒள்ளுப்பமாவது அடங்கும். அப்ப தோணிய உடுவன்.”

போ, போ, இப்போதே போ என்று உடையார் என் காதுக்குள் கத்தினார். எனக்கு வயிற்றைத் தெரியும், காற்றைத் தெரியாது. காற்றைத் தெரிந்தவர் பொறு என்கிறார். பொறுத்தேன். அந்த அரை மணித்தியாலம் நான் வண்டிக்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு பக்கமும் சாக்கைக் கட்டி மறைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வலிக்கும் அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. வயிற்றில் காதை வைத்துப் பார்த்தேன். பிள்ளையின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

காக்கா சொன்ன மாதிரியே காற்று அடங்கியது. கடந்தோம். தோணி சரிந்தபோதெல்லாம் நான் கத்தினேன், அவள் கத்தவில்லை. அக்கரையில் கல்முனைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸை மறித்தோம். அவளைப் பார்த்ததும் உள்ளே இருந்த சனம் தானாகவே இறங்கி மழையில் நின்றது. நாவற்குடா தாண்டிக் கல்லடிப் பாலம் ஏறும்போது அவளுக்கு நீர்க்குடம் உடைந்தது.

டாக்டர் தாயைக் காப்பாற்றினார். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆண் பிள்ளை.

நல்லபடி முடிந்த ஒரு பிரசவத்தைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கலாம். எத்தனையோ இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போனால், முதல் சாவோடு உடைந்துபோவீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்றிரவு உடையாருக்குப் புது வசனம் கிடைத்தது. ‘அந்த அரை மணித்தியாலம்’ என்றார். அதைச் சொல்லத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. அங்கே பொறுத்தது பிழையா சரியா என்று எனக்குத் தெரியாது, தெரியப்போவதுமில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே நின்றேன். மூன்றாம் நாள் காலை, போக முன்னர், வள்ளிப்பிள்ளையின் கட்டிலருகே போனேன். சொல்லாமல் போக மனம் வரவில்லை.

“துறையில அரை மணித்தியாலம் நிப்பாட்டினது நான்தான். நிக்காமப் போயிருந்தா, சிலவேளை...”

“எனக்கு அதுகள் தெரியா மிசி” என்றாள். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் ஓடியது. “வண்டியில ஏத்தினதிலேருந்து நீங்க என்ர கையை விடல்ல. நான் அதத்தான் பார்த்திட்டுக் கிடந்தன்.”

இரண்டு பேரும் அழுதோம். ஊரில் இருந்த ஆறு வருடத்தில் ஒருவருக்கு முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான்.

மத்தியானத்துக்கு முன்னரே தனியாகத் துறைக்கு வந்து, தனியாகக் கடந்தேன். வாவி அன்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது. இக்கரையில் ஒரு மனிதன் நின்றான். பக்கத்து ஊர் ஆள், அதற்கு முன்னர் கண்டதில்லை. விடியலிலிருந்து எனக்காக நிற்பதாகச் சொன்னான். மனைவிக்குத் தலைப்பிள்ளை, வலி தொடங்கிவிட்டது. என் சேலையையும் முகத்தையும் பார்த்து, களைத்துப்போய் வாறீங்க போல, வேற ஆரையும் பார்க்கட்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

தலைக்குள் ஆள் பேசத் தொடங்கிவிட்டார், பழைய வசனத்தையும் புது வசனத்தையும் சேர்த்து. பையை அந்த மனிதனிடம் கொடுத்துவிட்டு வரம்பில் ஏறி முன்னால் நடந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அதுவரைக்கும் நான் அந்தத் தாய் படுத்திருந்த பாயை விட்டு எழும்பவில்லை.